சமையலறைக் கதவோரத்து இடம்

என் மகன் முதன்முதலில் கடித்தது என்னைத்தான். தூக்கி வைத்திருந்தபோது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பல் பதியக் கடித்தான். அப்போது அவனுக்கு இரண்டு வயது. வலியை விட, சுற்றி இருந்தவர்கள் சிரித்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. "அம்மா கோவம் அப்படியே வந்துகீது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது பொம்மனஹள்ளியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால் நானும் இது என் ரத்தம்தான் என்று நம்பிவிட்டேன். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் எங்கள் தொண்டை. நானும் அவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். பாறையைத் துளைக்கிற மிஷின் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். ஆகவே எங்கள் வீடுகளில் மெதுவாகப் பேசும் பழக்கமே கிடையாது. உப்பை எடு என்பதைக்கூட சண்டை போடுகிற மாதிரிதான் சொல்வோம். பெங்களூருக்கு வந்து பத்து வருடம் ஆகியும் அது மாறவில்லை. நாங்கள் கத்திக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்குக் காதில் குறை என்று யார் நினைப்பார்கள்? இன்னும் பேச்சு வரவில்லையே என்று கேட்டவர்களிடம், "பையனுங்களுக்கு லேட்டாத்தான் வரும்" என்று நானே பதில் சொல்லி அனுப்பினேன்.

இரண்டரை வயதில் சளி என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவன் திரும்பவில்லை. மறுபடியும் குலுக்கினார். நான் கூப்பிடப் போனேன். அவர் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு டெஸ்ட் எடுத்ததில், இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிக்கு மேல் இல்லை என்று வந்தது. அப்பாக்களுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய நாங்கள், கத்தியே இரண்டு வருடம் ஒரு பிள்ளையின் குறையை மறைத்து வைத்திருந்தோம்.

காது மிஷின் மாட்டிய அன்று, என் பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பினான். பாக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் பாக்கெட்டைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் நான் வெட்கமில்லாமல் அழுதேன். மிஷின் போட்டாயிற்று, இனிமேல் பேச்சு வரும், பேச்சு வந்தால் கடிப்பது நிற்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன நர்சரிப் பள்ளி இருக்கிறது. ஒரே ஒரு பெரிய ஹால், இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு மிஸ். ஹாலின் பின்பக்கம் சமையலறை. அங்கே ஓர் ஆயா பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு செய்வார். பேசுகிற பிள்ளைகள் நடுவில் இருந்தால்தான் இவனுக்கும் பேச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் நான்கு வயது முடிவதற்கு முன்பே அங்கே சேர்த்தேன். மிஸ் கன்னடக்காரர், ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழை எங்களுக்குச் சமமாகப் பேசுவார். இவனை எங்கே உட்கார வைக்கலாம் என்று அவர் சுற்றிப் பார்த்தபோது, நான்தான் முந்திக்கொண்டு யோசனை சொன்னேன்.

"அந்தக் கிச்சன் கதவாண்ட உக்கார வைங்க மிஸ். ஆயா ஒரு கண்ணு பாத்துக்குவாங்க. மத்த பசங்களுக்குத்தான் அங்க சத்தம் தொந்தரவு. இவனுக்கு ஒண்ணும் பண்ணாது."

மிஸ்ஸுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. குக்கர், மிக்ஸி, பாத்திரம் என்று எந்நேரமும் சத்தமாக இருப்பதால் வேறெந்தப் பிள்ளையும் உட்கார மறுத்த இடம் அது. காலியாகக் கிடந்த இடத்துக்கு ஆள் கிடைத்தது, என் பிள்ளைக்கும் காவல் கிடைத்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தச் சாமர்த்தியம் வேலை செய்கிற இடத்தில் கற்றுக்கொண்டது. ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் நான் லைன் சூப்பர்வைசர். எங்கள் கம்பெனியில் காது கேளாத பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். புது ஆர்டர் வந்தால் யார் எந்த மிஷினில் உட்கார வேண்டும் என்று நான்தான் பிளான் போடுவேன். ஜாக்கெட்டுக்கு பிரஸ் பட்டன் அடிக்கிற மிஷினில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், தலைவலி என்பார்கள். அங்கே காது கேளாத பெண்களைப் போடுவது எங்கள் ஃபேக்டரியில் வழக்கம். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசரும் அப்படித்தான் போட்டார், நானும் ஆறு வருடமாக அப்படித்தான் போட்டேன். அவர்களுக்கு என்ன, கேட்கவா போகிறது?

அந்த மிஷினில் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்த பெண்ணோடு எனக்குத் தினமும் வம்பு. என்னை விட இரண்டு மூன்று வயது சின்னவள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவளுக்கும் காது மிஷின் உண்டு. காலையில் மாட்டிக்கொண்டு வருவாள், வேலைக்கு உட்கார்ந்ததும் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டுவிடுவாள். அழகு பார்த்துக் கழற்றுகிறாள் என்பது என் தீர்மானம். மாட்டு மாட்டு என்று நான் காதைத் தொட்டுக் காட்டுவேன், அவள் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவள் எதிரிலேயே நான் சொன்னதுண்டு. அந்தக் காது கேளாத பெண்களும் எனக்குச் சளைத்தவர்கள் கிடையாது. கம்பெனியில் ஆளுக்கொரு சைகைப் பெயர் வைத்திருந்தார்கள். மூக்கு நுனியைத் தொட்டு, பட்டாசு வெடிக்கிற மாதிரி விரல்களை விரித்தால் அது நான்.

பள்ளியில் சேர்த்த இரண்டாவது வாரமே புகார் வர ஆரம்பித்தது. தள்ளுகிறான், தரையில் புரளுகிறான், மிஷினைப் பிடுங்கி எறிகிறான். ஒருநாள் காது மிஷின் கை கழுவுகிற தொட்டியில் கிடந்தது. இன்னொரு நாள் அதை வேறொரு பிள்ளையின் ஷூவுக்குள் ஒளித்து வைத்துவிட்டான். அந்தப் பிள்ளை வீட்டுக்கு நடந்து போய், காலில் என்னவோ குத்துகிறது என்று அழுத பிறகுதான் கிடைத்தது. இதற்கு நானும் சிரித்துவிட்டேன். கடிப்பதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகளைக் கடித்தான். வீட்டில் இருக்கும்போது கடிப்பது குறைந்திருந்தது, பள்ளிக்குப் போனால் கடிக்கிறான். பசிக்கிறதோ என்று டிபன் அதிகமாகக் கொடுத்து அனுப்பினேன். கண் பட்டிருக்கும் என்று எதிர்வீட்டு அக்கா உப்பு சுற்றிப் போட்டார்.

மூன்றாவதாகக் கடித்தது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண்ணை. மணிக்கட்டில் எட்டுப் பல்லும் தெரிந்தது. மிஸ் என்னை வேலையிலிருந்து வரவழைத்தார்.

"நோடி, இங்க பாருங்க, நானும் பொறுமையாத்தான் இருக்கேன். ஆனா அந்தப் பொண்ணோட அம்மா டிரஸ்ட் வரைக்கும் போய்ட்டாங்க. மூணு நாள் வீட்ல வெச்சிக்கோங்க. அப்புறம் இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். இன்னொரு வாட்டி கடிச்சா, இந்த ஸ்கூல்ல வெக்க முடியாது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு இருந்த வழி, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். விசாரித்த வரைக்கும் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவனுக்கு இடம் இருந்தது வெளியூரில், ஹாஸ்டலோடு. நான்கு வயதுப் பிள்ளை, தன் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, எங்கேயோ ஒரு கட்டிலில் தனியாகப் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. மாதம் முடிய இருபது நாள் இருந்தது.

அன்று அவனை அடித்தேன். எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். முதுகில் இரண்டு அடி. ஏன் கடித்தாய், ஏன் கடித்தாய் என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இரண்டு கைகளாலும் மிஷின்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கம்பெனி கார் ஓட்டிவிட்டு வந்த அவன் அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"நீ ஏன் இந்தக் கத்து கத்தற? அவனும் எவ்ளோதான் தாங்குவான்?" என்றார்.

"கேக்காதவன் இன்னாத்தத் தாங்கறான்?" என்றேன் நான்.

மூன்று நாளும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் கம்பெனியில் பிள்ளைகளை விடுவதற்கு ஓர் அறை உண்டு. அங்கே கொண்டுபோய் விட்டேன். முதல் நாள் மதியம் சாப்பிட அவனை என்னோடு கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். நானூறு பேர் சாப்பிடுகிற இடம். அவன் மடியில் உட்கார்ந்து நல்லபடியாக நான்கு வாய் சாப்பிட்டான். அந்த நேரம் பார்த்து, எச்சில் தட்டுகளைச் சேர்த்து எடுத்துப்போன ஆள் கால் தடுக்கி, அத்தனை ஸ்டீல் தட்டுகளையும் இரும்புத் தொட்டியில் கொட்டிவிட்டார்.

பிள்ளை உடம்பு விறைத்தது. கண்ணை மூடினான். வாயைத் திறந்தான். நான் கையை விலக்குவதற்குள், அடுத்த மேசையில் இருந்து யாரோ பாய்ந்து வந்தார்கள். பார்த்தால் அந்த பட்டன் மிஷின் பெண். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றினாள், சாதம் ஒட்டிய கையோடு அவன் காதுகளைப் பொத்திப் பிடித்தாள். அவன் வாய் மூடியது. அவள் கைகளுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டான். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வேறொருவரை அவன் அப்படி நம்பிக்கையாகப் பார்த்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து போனில் எழுதிக் காட்டினாள். கன்னடத்தில் எழுதுவாள், நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சின்னச் சத்தம் எங்களுக்குக் கேட்காது, ஆனால் மிஷின் போட்டிருக்கும்போது பெரிய சத்தம் வந்தால் காதுக்குள் குத்தும், இவனுக்கு வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். பள்ளியில் இவனை எங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தாள்.

சமையலறைக் கதவோரம் என்று எழுத என் விரல் வரவில்லை. அந்த இடத்தை அவனுக்குக் கேட்டு வாங்கியது நான். தட்டு அடுக்குகிற நேரம், குக்கர் விசில் வருகிற நேரம், அவன் பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்ததோ அதைக் கடித்திருக்கிறான். வலி தாங்காமல் மிஷினைப் பிடுங்கி எறிந்திருக்கிறான். அதற்கு நான் முதுகில் அடித்து, முகத்துக்கு நேராகக் கத்தி, இன்னும் கொஞ்சம் வலியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

பிறகுதான் எனக்கு அடுத்தது உறைத்தது. எதிரில் நிற்கிறவளைப் பார்த்தேன். அவள் காதைக் காட்டினேன், எங்கள் லைன் இருக்கிற திசையைக் காட்டினேன். உனக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். அவள் போனில் எழுதினாள். "அதற்காகத்தான் கழற்றி வைக்கிறேன். கழற்றினாலும் அதிர்வு தலைக்குள் போகும். ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் கேட்டதில்லை."

செவிடன் காதில் சங்கு ஊதிக்கொண்டே இருந்த எனக்கு, அந்தக் காது என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. கோபக்காரர்களுக்கு அவமானம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று அதை யார் மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காது மிஷின் பார்க்கிற பெண் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கான்னுதானே சொன்னீங்க? கடிக்கறத ஏன் சொல்லல?" என்றார். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்று மறைத்தேன், வேறென்ன. அவர் திட்டவில்லை. ஒரு வீட்டில் தரையை மட்டும் உயர்த்திவிட்டுக் கூரையை அப்படியே விட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். இவனுக்குச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிற இடம் மேலே போய்விட்டது, தாங்க முடியாமல் போகிற இடம் எல்லோருக்கும் போல அங்கேயேதான் இருக்கிறது, நடுவில் இருக்கிற இடம் கொஞ்சம்தான் என்றார். கம்ப்யூட்டரில் மாட்டி, பெரிய சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி மிஷினைத் திருத்திக் கொடுத்தார். அப்படியும் இரும்புச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்றார்.

மூன்று நாள் முடிந்து பள்ளிக்குப் போனேன். மிஸ் நம்பவில்லை. "கேக்காத பையனுக்கு சத்தம் தொந்தரவா? நீங்கதானே மேடம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன் மிஸ். தப்பா சொல்லிட்டேன்." அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது. தொண்டையில் மீன்முள் மாட்டிய மாதிரி இருந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அவனை முதல் வரிசைக்கு மாற்றினார்கள். எங்கள் ஃபேக்டரியில் வெட்டி மிஞ்சிய தடித்த துணித் துண்டுகளை ஒரு பை நிறையக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஆயாவின் தட்டுத் தொட்டியில் விரித்துக் கொடுத்தேன். "தட்டுக்கெல்லாம் மெத்தை போட்டு வெக்கிற காலம் வந்துடுச்சா?" என்று ஆயா சிரித்தார். அப்புறம் தினமும் அவரே துவைத்துக் காயப்போட்டு விரித்தார்.

கம்பெனியில் பிளானை மாற்றியபோது மேனேஜரும் மிஸ் கேட்டதையேதான் கேட்டார். நான் அவருக்குச் சொன்ன பதில் மீன்முள் மாதிரி இல்லை, கொஞ்சம் காரமாகவே இருந்தது. இப்போது பட்டன் மிஷினில் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்காருகிறோம், எல்லோருக்கும் காதுக்கு அடைப்பான் உண்டு. நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் பல் கூசியது. அவள் செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டாள், காது மிஷினை நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைச் செக் பண்ணப் போய்விட்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடத்தை ஒரு மதியத்தில் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அவள் என் பிள்ளைக்கு ஒன்று செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் அவன் எதிரில் உட்கார்ந்து, 'நிறுத்து' என்பதற்கான சைகையைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு உள்ளங்கை மேல் இன்னொரு கையைக் கத்தி மாதிரி வைப்பது. அவள் டப்பாவைத் தட்டுவாள், அவன் கையை வைத்ததும் தட்டுவதை நிறுத்திவிடுவாள். மூன்றாவது முறை அவனுக்குப் புரிந்தது. தன் கை அசைந்தால் உலகத்தில் ஒரு சத்தம் நின்றுவிடுகிறது! அன்று சாயங்காலம் வரைக்கும் வீட்டில் ஒருவரையும் விடவில்லை. மிக்ஸியை நிறுத்தினான், டிவியை நிறுத்தினான், அவன் அப்பா போனில் பேசுவதை நிறுத்தினான், என்னை நிறுத்தினான். "உன்ன நிறுத்த ஒரு ஆள் வந்துட்டான்" என்று அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கை காட்டினால் பேச்சு வராமல் போகுமோ என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். பேசிக்கொண்டே கையும் காட்டுங்கள் என்றார்கள்.

பள்ளியில் மிஸ்ஸுக்கும் அதைக் காட்டினேன். நாட்கள் போயின. ஒரு வாரம் கடிக்கவில்லை. இரண்டாவது வாரமும் கடிக்கவில்லை. ஒருநாள் கையை வைத்தபடி "போ...து" என்று வாயாலும் சொன்னானாம். அது 'போதும்' என்று எடுத்துக்கொண்டோம். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

அன்று மதியம் போன் வந்தது. மிஸ் ஒரே வார்த்தைதான் சொன்னார். "வாங்க."

ஃபேக்டரியிலிருந்து பள்ளிக்கு ஆட்டோவில் வருவதற்குள், ஹாஸ்டலுக்கு எத்தனை சட்டை வாங்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். உள்ளே போனதும் பிள்ளைகளின் கைகளைத்தான் பார்த்தேன். எந்தக் கையில் பல் பதிந்திருக்கிறது என்று தேடினேன். ஒன்றிலும் இல்லை. மிஸ் தன் புடவைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே எட்டுப் பல்.

"மிஸ்" என்றேன், அவ்வளவுதான்.

"தண்ணி ஃபில்டர் மாட்ட ஆள் வந்தாங்க. சுவர்ல டிரில் போட்டாங்க. நான் போர்டுல எழுதிட்டிருந்தேன்," என்றார் மிஸ். பிறகு அந்த இரட்டைப் பின்னல் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ சொன்னத இவங்ககிட்ட சொல்லு கண்ணு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கை மேல் கையை வைத்துக் காட்டினாள். அவளுக்கும் அந்தச் சைகை தெரிந்திருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "அவன் இப்டி பண்ணான் ஆண்ட்டி. மிஸ் பாக்கல. எந்திரிச்சிப் போயி இப்டி பண்ணான். அப்பவும் மிஸ் பாக்கல. மிஸ் புடவைய இழுத்து இப்டி பண்ணான்."

"சும்மா இரு, போய் உக்காருன்னு சொன்னேன்," என்றார் மிஸ். "அப்புறம்தான் கடிச்சான். கடிச்சது தப்புதான், ஸாரி சொல்ல வெச்சிட்டேன். ஆனா அவன் மூணு வாட்டி சொல்லியிருக்கான் மேடம். அவனுக்குக் கேக்காதுன்னு நாம சொல்றோம். இன்னிக்கி கேக்காம இருந்தது நான்தான்."

நான் அங்கேயே பிள்ளைகளுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மிஸ்ஸும் அழுதார். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த என் மகன், எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் இருவருக்கும் 'நிறுத்து' என்று கை காட்டினான்.

மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்தார். அடுத்த வருடத்துக்கும் அவன் பெயரை எழுதிவிட்டதாகச் சொன்னார். டிரஸ்ட்காரர்களிடம் தானே பேசிக்கொள்கிறேன், கடிபட்டது நான்தானே, நான் சொன்னால் கேட்பார்கள் என்றார்.

"ஆனா முதல் வரிசையும் சரியா வரல. பின்னாடி யார் பேசினாலும் தெரியறதில்ல, எப்பப் பாத்தாலும் திரும்பித் திரும்பிப் பாக்கறான். எங்க உக்கார வெக்கலாம், சொல்லுங்க."

என் வாய் தயாராகத் திறந்துவிட்டது. ஜன்னல் பக்கம், அந்தத் தூண் ஓரம், அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் என்று பிளான் அதுவாகவே வந்தது. ஆறு வருடமாக ஆட்களை உட்கார வைத்துப் பழகிய வாய். கஷ்டப்பட்டு மூடினேன்.

"அவனையே கேளுங்க மிஸ்."

மிஸ் அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவன் முகம் தன் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்தார். நிதானமாகப் பேசி, கையாலும் காட்டினார். நீ, உட்கார, எங்கே?

அவனுக்குக் கேள்வி புரிவதற்கு நேரம் ஆனது. அப்படியொரு கேள்வியை அவனை யாரும் கேட்டதில்லை. பிறகு ஹாலைச் சுற்றி நடந்தான். ஜன்னல் பக்கம் நின்று பார்த்தான், வேண்டாம் என்று நகர்ந்தான். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், எழுந்துகொண்டான். கடைசியில் மிஸ்ஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், அதைத் தன் முழு பலத்தோடு தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து இருபத்தைந்து பிள்ளைகளின் முகமும் தெரிந்தது, மிஸ்ஸின் முகமும் தெரிந்தது. பின்னால் சுவர். யாரும் அவனுக்குத் தெரியாமல் அவன் முதுகுக்குப் பின்னால் பேச முடியாது.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.